சிலந்தி கடித்தது தற்செயலா?

அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸில் நாயகனுக்கு உரிமையாளர் எழுத்தாளர் அல்லர், பதிப்பு நிறுவனமே என்பதால், ஒரே நாயகனைப் பல பத்தாண்டுகளாகப் பலர் மாறி மாறி எழுதிவருகின்றனர். ஒருவர் விலகியதும் அடுத்து வருபவர் அந்தத் தொடரையும், அதில் அதுவரை நடந்து முடிந்த அத்தனை சம்பவங்களையும் சேர்த்தே பொறுப்பேற்கிறார். பழைய தடத்திலேயே நடந்தால் அவரை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. தடம் மாறினால் பல்லாண்டுகளாகப் படித்துவரும் வாசகர்கள் பொறுப்பதில்லை. இந்த இக்கட்டில் எழுத்தாளர்கள் பலர் கையாளும் வழி, நாயகனின் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்ற பழைய கேள்விக்குப் புதிய விடை ஒன்றைச் சொல்வதாகும். அச்சாகி வெளிவந்துவிட்ட கதைக்குப் பின்னாளில் வேறு பொருள் கற்பிக்கும் இந்த உத்தியை ரசிகர்கள் ‘ரெட்கான்’ என்பர். கதைத் தொடர்ச்சியைப் பின்னோக்கித் திருத்துதல் என்று அதை விளக்கலாம். அவ்வகைத் திருத்தங்களுள் கால் நூற்றாண்டாகியும் ரசிகர்களிடையே வழக்கு ஓயாத ஒன்று, 2001ஆம் ஆண்டில் ஸ்பைடர்மேனுக்கு நேர்ந்தது.

வழக்கைப் புரிந்துகொள்ள மூலக்கதையை ஒருமுறை நெருங்கிப் பார்க்க வேண்டும். ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ வரைந்து, 1962 ஆகஸ்ட் தேதியிட்ட ‘அமேசிங் ஃபேன்டசி’ 15ஆம் இதழில் வெளிவந்த அந்தக் கதை மொத்தமே 11 பக்கங்கள் கொண்டது. சக மாணவர்களால் ஒதுக்கப்பட்ட பீட்டர் பார்க்கர் என்னும் பள்ளி மாணவன், கதிரியக்கக் கதிர்களை விஞ்ஞானிகள் இயக்கிக் காட்டும் கண்காட்சி ஒன்றுக்குச் செல்கிறான். தன் நூலைப் பிடித்துக்கொண்டு மேலிருந்து இறங்கும் சிலந்தி ஒன்று யார் கண்ணிலும் படாமல் கதிர்களுக்கு நடுவே அகப்பட்டு, சாகும் தறுவாயில் அருகில் இருந்த உயிரைக் கடிக்கிறது. அந்த உயிர் பீட்டர்தான். தலை சுற்ற வெளியே வருபவன், மோத வந்த காரிலிருந்து தப்பத் துள்ளியபோது சுவரில் ஒட்டிக்கொள்கிறான். கைப்பிடிக்குப் பற்றிய இரும்புக் குழாய் அவன் பிடியில் காகிதம்போல் நசுங்குகிறது. அந்த மண்டபத்தில் நின்ற வேறு எவரையும் அந்தச் சிலந்தி கடித்திருக்கலாம் என்பதுதான் அக்காட்சியின் ஆணிவேர். ஆற்றலைக் கொண்டு பணமும் புகழும் தேடப் புறப்பட்ட பீட்டர், தன் கண்ணெதிரே தப்பியோடும் திருடனைத் தடுக்காமல் விடுவதும், அதே திருடன் பின்னர் அவனை வளர்த்த பென் மாமாவைச் சுட்டுக் கொல்வதும், அந்தக் குற்றவுணர்வு அவனைக் கடமைக்குள் தள்ளுவதும் அதன்பின் நடப்பவை.

ஒரு சிறு விளக்கம் இங்கே தேவைப்படுகிறது. சிவகாசியிலிருந்து வெளிவரும் லயன் காமிக்ஸ் வழியாக 1980களில் தமிழ்ச் சிறுவர்களுக்கு அறிமுகமான ‘ஸ்பைடர்’ இந்த நாயகன் அல்லர். அவர் பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் பிறந்தவர், குற்றவாளியாகத் தொடங்கிப் பின்னர் குற்றவாளிகளை வேட்டையாடியவர். ஆயினும், தற்செயல் விபத்தால் ஆற்றல் பெறும் நாயகன் தமிழ் வாசகர்களுக்குப் புதியவன் அல்லன். முத்து காமிக்ஸ் 1972இல் தன் முதல் இதழாக வெளியிட்ட இரும்புக்கை மாயாவியும் ஆய்வுக்கூட விபத்தின் பிள்ளைதான். உயர் அழுத்த மின்சாரம் உடலில் பாய்ந்தால் உருவம் மறையும், இரும்புக்கை மட்டும் வெளியே தெரியும். அவரது ஆங்கில மூலமும் ஸ்பைடர்மேன் தோன்றிய அதே 1962இல் தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. அணுகுண்டுச் சோதனைகளைக் கண்டு உலகம் அஞ்சிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் ஆய்வுக்கூடம் என்பது எது வேண்டுமானாலும் நடக்கக்கூடிய இடமாகவே மக்கள் மனத்தில் பதிந்திருந்தது. ஹல்க் காமா கதிர்களாலும், ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்னும் நால்வர் விண்வெளிக் கதிர்களாலும் ஆற்றல் பெற்றது அந்தச் சூழலில்தான். இப்படி ஒவ்வொருவருக்கும் ஒரு கதிரையோ விபத்தையோ தேடிச் சலித்ததாலேயே 1963இல் எக்ஸ்-மென் குழுவினரைப் பிறவியிலேயே ஆற்றல் உள்ளவர்களாகப் படைத்ததாக ஸ்டான் லீ பின்னாளில் பலமுறை கூறியிருக்கிறார்.

இனி 2001. ‘பேபிலோன் 5’ என்னும் தொலைக்காட்சித் தொடரைப் படைத்துப் புகழ்பெற்ற ஜே. மைக்கேல் ஸ்ட்ரசின்ஸ்கி அந்த ஆண்டில் ‘அமேசிங் ஸ்பைடர்மேன்’ தொடரை எழுதும் பொறுப்பை ஏற்றார். ஓவியர் ஜான் ரொமிட்டா ஜூனியர். அவர்களது முதல் இதழிலேயே, பீட்டரைப் போலவே சுவரில் ஏறவும் தாவவும் வல்ல எசெக்கியேல் என்னும் வயதான செல்வந்தர் தோன்றி, பீட்டரின் வாழ்க்கை நின்றுகொண்டிருந்த அடித்தளத்தையே அசைக்கும் ஒரு கேள்வியை அவனிடம் கேட்கிறார். கதிரியக்கம்தான் அந்தச் சிலந்திக்கு ஆற்றலைக் கொடுத்து அதை உன்னிடம் சேர்த்ததா, அல்லது முன்பே உன்னைத் தேடி வந்துகொண்டிருந்த சிலந்தி, கதிரியக்கம் தன்னைக் கொன்றுவிடுமுன் அவசரமாக ஆற்றலை ஒப்படைத்துச் சென்றதா என்பதே அக்கேள்வியின் சாரம். கழுகு, ஆக்டோபஸ், பல்லி, காண்டாமிருகம், தேள் என விலங்குகளின் பெயரும் வேடமும் பூண்ட பகைவர்களே உன்னை ஏன் மீண்டும் மீண்டும் நாடி வருகின்றனர் என்றும் அவர் கேட்கிறார். விடையாக அவர் காட்டுவது குலக்குறி என்னும் கருத்து. ஒரு விலங்கையோ தாவரத்தையோ தங்கள் மூதாதையாகவும் காவலாகவும் கருதி, அதன் இயல்பு தங்களிடம் இறங்கியிருப்பதாக ஒரு குலத்தார் நம்புவதை மானிடவியலார் குலக்குறி மரபு என்பர். அந்த வகையில் பீட்டர் சிலந்தியின் குலக்குறியாளன் என்றும், அத்தகையோரின் உயிராற்றலை உண்டே வாழும் மோர்லன் என்னும் பழம்பெரும் வேட்டைக்காரன் அவனைத் தேடி வருகிறான் என்றும் கதை விரிகிறது.

ரசிகர்கள் இரு அணியாகப் பிரிந்தனர். எதிர்த்தவர்களின் முதல் வாதம், பீட்டர் அறிவியல் மாணவன், அவன் கதை அறிவியல் யுகத்தின் கதை, அதில் மந்திரத்துக்கும் தொல்கடவுளருக்கும் இடமில்லை என்பது. ஆதரித்தவர்கள் இதற்கு எளிதாகப் பதில் சொன்னார்கள். கதிரியக்கம் பட்ட சிலந்தி கடித்தால் மனிதனுக்கு நோய் வரலாம், ஒன்றும் ஆகாமலும் போகலாம், சுவரில் ஏறும் வல்லமை வராது. அதைவிட, ஆபத்து வருமுன்னே தலைக்குள் மணியடிக்கும் ‘ஸ்பைடர் சென்ஸ்’ என்னும் முன்னுணர்வை எந்தக் கதிரும் தர முடியாது. ஆகவே 1962ஆம் ஆண்டின் விளக்கமும் வெள்ளை அங்கி அணிந்த மந்திரமே என்றனர். இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ தொடரும் 2002ஆம் ஆண்டுத் திரைப்படமும் கதிரியக்கத்தைக் கைவிட்டு மரபணு மாற்றப்பட்ட சிலந்தியைக் கொண்டுவந்தபோது பெரும்பாலோர் அதை ஏற்றுக்கொண்டனர் என்பதே, ரசிகர்கள் காத்து நின்றது கதிரியக்கத்தை அன்று என்பதற்குச் சான்று. மனித மரபணு வரைவு அறிவிக்கப்பட்ட காலத்தில் மக்களின் அச்சம் அணுவிலிருந்து மரபணுவுக்கு நகர்ந்திருந்தது. சிலந்தியும் அதன் பின்னே நகர்ந்தது.

எதிர்ப்பாளர்களின் இரண்டாவது வாதமே ஆழமானது. ஆற்றல் தற்செயலாக வந்தது என்றால் அதை நல்வழியில் செலுத்தும் முடிவு முழுவதும் பீட்டருடையது. ஆற்றல் அவனைத் தேடி வந்தது என்றால் அந்த முடிவில் பாதி சிலந்தியுடையதாகிவிடுகிறது. தேர்ந்தெடுக்கப்பட்டவன் தன் கடமையைச் செய்வது வியப்பில்லை, அதற்காகத்தானே தேர்ந்தெடுக்கப்பட்டான். எவரும் தேர்ந்தெடுக்காத ஒருவன், தன் பிழையால் ஒரு சாவு நேர்ந்தது என்ற ஒரே காரணத்துக்காக வாழ்நாளெல்லாம் கடமையைச் சுமப்பதுதான் இந்தக் கதையின் வலிமை. பென் மாமாவின் மரணமும் இந்த விளக்கத்தில் தன் கனத்தை இழக்கிறது; விதி முன்பே எழுதப்பட்டிருந்தால் திருடனைத் தப்பவிட்ட அந்த ஒரு நொடிக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்?

இந்த வாதங்களைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்குவோர், வாசகர்களை இப்படி வாதிடப் பழக்கியவர்கள் பதிப்பாளர்களே என்பதை மறந்துவிடுகின்றனர். மார்வெல் நிறுவனம் 1960களில் வாசகர் கடிதப் பகுதியைப் பெரும் உற்சாகத்துடன் நடத்தியது. கதையில் பிழை கண்டு எழுதுவோருக்கும், பின்னர் அது ஏன் பிழையன்று என்று பொருத்தமான காரணம் கற்பித்து எழுதுவோருக்கும் ‘நோ-பிரைஸ்’ என்னும் பரிசை அறிவித்தது. பரிசுச் செய்தி அச்சிட்ட உறை மட்டும் தபாலில் வரும். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. அந்தக் காலி உறையைப் பெறுவதற்காக, இரு இதழ்களுக்கிடையே உள்ள முரணைத் தம் சொந்த விளக்கத்தால் இணைத்து வாசகர்கள் மாய்ந்து மாய்ந்து எழுதினர். விளக்கம் சொல்லும் வேலையில் தமக்கும் பங்குண்டு என்று ஒரு தலைமுறை வாசகர்கள் நம்பியது அவ்வாறு கிடைத்த உரிமையால்தான்.

புதிய விளக்கம் எல்லாமே வெறுக்கப்படுவதும் இல்லை. சூப்பர்மேன் 1938இல் அறிமுகமானபோது, தன் எடையைப் போல் பல நூறு மடங்கு சுமக்கும் எறும்பையும் நெடுந்தூரம் தாவும் வெட்டுக்கிளியையும் உவமை காட்டி அவர் வலிமை முதல் பக்கத்திலேயே விளக்கப்பட்டது. பின்னர் கிரிப்டான் கோளின் மிகுந்த ஈர்ப்பு விசை காரணமாக்கப்பட்டது. 1960இல் நம் சூரியனின் மஞ்சள் ஒளி காரணமாயிற்று. ஜான் பைர்ன் 1986இல் ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ என்னும் 6 இதழ்த் தொடரால் சூப்பர்மேனைப் புதிதாகத் தொடங்கியபோது, அவர் தோலை ஒட்டி மிக மெல்லிய ஆற்றல் படலம் ஒன்று இருப்பதாகச் சொன்னார். குண்டு பாய்ந்தாலும் உடலோடு ஒட்டிய உடை கிழியாமல் இருப்பதும், படலத்துக்கு வெளியே பறக்கும் மேலங்கி மட்டும் கந்தலாவதும் அதனால்தான் என்றானது. நாயகனின் உள்ளத்தைத் தொடாமல், உடையைப் பற்றிய ஒரு பழைய ஐயத்தை மட்டும் தீர்த்த நேர்த்தியான விளக்கம் அது. அதே பைர்ன் 1998இல் ஸ்பைடர்மேன் பக்கம் வந்து, பீட்டருக்கும் அவன் பகைவர் டாக்டர் ஆக்டோபஸுக்கும் ஒரே விபத்தில் ஆற்றல் கிடைத்ததாகப் புனைந்தபோது ரசிகர்கள் முகம் சுளித்தனர். எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் கட்டினால், நியூயார்க் போன்ற மாநகரமும் ஒரு தெரு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

திருத்தத்தின் உச்சமான வெற்றி, ஆலன் மூர் எழுதி, ஸ்டீஃபன் பிசெட், ஜான் டாட்டில்பென் இருவரும் வரைந்து 1984இல் வெளிவந்த ‘ஸ்வாம்ப் திங்’ 21ஆம் இதழ். ஆய்வுக்கூட வெடிவிபத்தில் எரிந்து சதுப்பு நிலத்தில் விழுந்த அலெக் ஹாலண்ட் என்னும் விஞ்ஞானி, தாவர உருக்கொண்ட பூதமாக எழுந்தார் என்றும், மீண்டும் மனிதராக வழி தேடி அலைகிறார் என்றும் 1972 முதல் வாசகர்கள் நம்பியிருந்தனர். மூரின் கதையில் அந்த உடல் உறைகுளிரில் பிணமாகக் கிடத்தப்பட்டு அறுத்துப் பார்க்கப்படுகிறது. உள்ளே நுரையீரல் போன்ற ஒன்று இருக்கிறது, மூச்சு விடும் வேலையை அதனால் செய்ய முடியாது; இதயம் போன்ற ஒன்று இருக்கிறது, அது குருதியை இறைப்பதில்லை; எல்லாம் நாரும் தண்டும் கொண்டு வடிவத்தை மட்டும் பார்த்துச் செய்தவை. ஹாலண்ட் அன்றே இறந்துவிட்டார், அவர் நினைவுகளை உறிஞ்சிக்கொண்ட சதுப்புநிலத் தாவரங்கள் தம்மை அவராக எண்ணிக்கொண்டிருக்கின்றன என்பதே முடிவு. பழகிய புழுவைத் துண்டாக்கிப் பழகாத புழுவுக்கு உண்ணக் கொடுத்தால் பழக்கமும் சேர்ந்து போகிறது என்று ஒரு காலத்தில் பேசப்பட்ட ஆய்வை மூர் இதற்கு ஆதாரமாகக் கொண்டார். அந்த ஆய்வின் முடிவு நிலைக்கவில்லை, ஆனால் கதை நிலைத்தது. முந்தைய இதழ்களின் எந்தக் காட்சியும் இதனால் பொய்யாகவில்லை. மனிதனாகத் திரும்ப ஏங்கியது மனிதனே அன்று என்று தெரிந்தபின் அக்காட்சிகளை மீண்டும் படித்தால் துயரம் இரட்டிப்பாகிறது. நல்ல திருத்தம் பழைய இதழ்களை மறுபடி எடுத்துப் படிக்கத் தூண்டும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று காமிக்ஸில் இல்லை.

அந்தக் கல்லில் உரசிப் பார்த்தால் ஸ்ட்ரசின்ஸ்கியின் விளக்கம் எத்தகையது? அவரைக் கடிந்துகொண்டவர்கள் பலர், அவர் கதையை முடிவுவரை கவனித்துப் படிக்கவில்லை என்றே சொல்ல வேண்டும். எசெக்கியேல் கேட்டது கேள்விதான். விடையை அவர் பீட்டரிடமே விட்டுவிடுகிறார். மேலும், மோர்லனிடம் அடிவாங்கி உயிர் போகும் நிலைக்கு வந்த பீட்டர் எப்படித் தப்புகிறான் என்பதைப் பார்க்க வேண்டும். மோர்லனுக்கு வேண்டியது கலப்பில்லாத குலக்குறி ஆற்றல். பீட்டரின் இரத்தத்திலோ சிலந்தியுடன் மனிதனும் கதிரியக்கமும் கலந்திருக்கின்றன. இதை ஆராய்ந்து கண்டுபிடிக்கும் பீட்டர், அணுசக்திக் கூடம் ஒன்றுக்குள் புகுந்து தன் உடலில் மேலும் கதிரியக்கத்தை ஏற்றிக்கொண்டு, தன்னைத் தொட்டாலே வேட்டைக்காரன் வலுவிழக்கும்படி செய்கிறான். 1962இல் கண்காட்சி மண்டபத்தில் குறுக்கிட்ட அதே விபத்துப் பொருள்தான், ஒரு மாணவனின் அறிவுக்கூர்மையோடு சேர்ந்து, பழந்தெய்வ வேட்டையிலிருந்து அவனைக் காப்பாற்றுகிறது. 2004இல் வெளிவந்த தொடர்ச்சியில் எசெக்கியேலின் ஆற்றலே சடங்கு ஒன்றின் மூலம் அவர் தேடிப் பெற்றுக்கொண்டது என்பதும், தமக்கு உரிய பலியை பீட்டரின் தலையில் கட்டப் பார்த்தார் என்பதும் வெளிப்படுகின்றன. விதியைப் பற்றிப் பேசிய வாய் அத்தனை நம்பத்தக்கதாக இல்லை.

கெடுதல் விளைந்தது, அந்தக் கேள்வியைப் பின்வந்த கதைகள் விடையாக்கியபோதுதான். 2005–06இல் பல இதழ்களில் பரவிய ‘தி அதர்’ என்னும் கதையில் பீட்டர் மாண்டு, கூட்டிலிருந்து புதிதாக எழுந்து, மணிக்கட்டில் முளைக்கும் கொடுக்குகளோடு தன்னுள் இருக்கும் சிலந்தியை ஏற்கும்படி கற்பிக்கப்படுகிறான். ரசிகர்களுக்கு அது பிடிக்கவில்லை. சில ஆண்டுகளில் கொடுக்குகள் ஓசையின்றிக் காணாமற்போயின. 2014இல் எழுத்தாளர் டான் ஸ்லாட், அதே சிலந்தி சாகுமுன் சிண்டி மூன் என்னும் மாணவியையும் கடித்தது என்று சொன்னார். தேர்ந்தெடுத்து வந்த சிலந்தி இருவரைக் கடிக்குமா என்று ஒரு சாராரும், குலக்குறி இருவருக்கும் உரியது என்று மற்றொரு சாராரும் மீண்டும் மோதினர்.

2004இல் இந்தியாவில் வெளியான ‘ஸ்பைடர்மேன்: இந்தியா’ இங்கே தனித்துக் கவனிக்கத்தக்கது. சரத் தேவராஜன், சுரேஷ் சீதாராமன், ஜீவன் ஜே. காங் ஆகியோர் உருவாக்கிய அந்தத் தொடரில், மும்பையில் வேட்டி கட்டிய சிலந்தி நாயகனாக வரும் பவித்ர பிரபாகருக்குப் பழங்கால யோகி ஒருவர் தீமையை எதிர்க்க ஆற்றலை அருள்கிறார். அங்கே விபத்து இல்லை, கதிரும் இல்லை. தவத்தாலும் வரத்தாலும் ஆற்றல் பெறும் கதைகளில் வளர்ந்த வாசகர்களுக்கு அது இயல்பாகப் பட்டிருக்கலாம். பவித்ரின் கதைக்கு அது பொருந்தவும் செய்கிறது, ஏனெனில் அவன் தொடக்கத்திலிருந்தே வரம் பெற்றவனாகப் படைக்கப்பட்டவன். விபத்தால் பிறந்தவனை நாற்பது ஆண்டுகள் கழித்து வரம் பெற்றவனாக மாற்றுவதுதான் சிக்கல்.

2023ஆம் ஆண்டில் வெளிவந்த ‘அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்’ அசைபடம் இந்தப் பழைய வழக்கைத் திரைக்கே கொண்டுவந்தது. மைல்ஸ் மொராலிஸ் என்னும் இளைஞனைக் கடித்த சிலந்தி வேறோர் உலகத்திலிருந்து வழிதவறி வந்தது, அது கடித்திருக்க வேண்டியவன் நீ அல்ல, ஆகவே நீயே ஒரு பிழை என்று அவனிடம் சொல்கின்றனர். அவன் அந்தத் தீர்ப்பை ஏற்க மறுக்கிறான். காமிக்ஸ் எழுத்தாளர்கள் இருபது ஆண்டுகளாகத் தற்செயலை விதியாக்க முயன்ற இடத்தில், அந்தப் படம் தற்செயலை மீண்டும் நாயகனின் உரிமையாக்கியிருக்கிறது. அரங்குகளில் அதற்குக் கிடைத்த வரவேற்பைப் பார்க்கும்போது, எதிர்ப்பாளர்களின் இரண்டாவது வாதமே வென்றது என்று துணிந்து கூறலாம்.

அவ்வாதத்துக்குத் துணைநிற்கும் ஒரு சிறு பொருளும் உண்டு. 1962ஆம் ஆண்டு மூலக்கதையில் சிலந்தி பீட்டருக்கு வலிமையைத் தந்தது, வலையைத் தரவில்லை. வலையை வீசும் மணிக்கட்டுக் கருவியையும் அதில் நிரப்பும் பசையையும் அவனே தன் அறையில் உருவாக்கினான். 2002ஆம் ஆண்டுத் திரைப்படம் வலையை அவன் உடலிலிருந்தே சுரக்கச் செய்தது. 2004இல் காமிக்ஸும் அதைப் பின்பற்றியது. சண்டையின் நடுவே பசை தீர்ந்துபோகும் பதைபதைப்பு இல்லாமற்போயிற்று என்றும், பீட்டரின் சொந்த உழைப்பென்று இருந்த ஒன்றும் பறிபோயிற்று என்றும் ரசிகர்கள் அப்போது ஆதங்கப்பட்டனர். 2008இல் தொடர் புதிய கட்டத்துக்குள் நுழைந்தபோது உடல்வலை கைவிடப்பட்டது. இன்று வெளிவரும் இதழ்களிலும் பீட்டரின் மணிக்கட்டில் இருப்பது அவனே செய்த கருவிதான். பசை தீர்ந்தால் அவனேதான் மீண்டும் தயாரித்து நிரப்பிக்கொள்கிறான்.